நாலாவது குறிப்பு

கேம்பிரிட்ஜ் நடத்தும் இங்கிலீஷ் தேர்வு ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். முதல் மாதிரித் தேர்வை எழுதி, எனக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரிடம் கொடுத்தபோது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஜோ என்ற தோழி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள், அதற்குச் சுமார் 100 வார்த்தையில் பதில் எழுத வேண்டும். இதுதான் கேள்வி. நான் 170 வார்த்தை எழுதியிருந்தேன். ஆரம்பமே "ஐ ஆம் வெரி மச் டிலைட்டட் டு ரிசீவ் யுவர் எஸ்டீம்ட் லெட்டர்."

டீச்சர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஏம்மா, இந்த ஜோ உனக்கு யாரு?"

"தோழி, டீச்சர்."

"தோழிக்கா இப்படி எழுதுவ? கலெக்டருக்கு மனு எழுதற மாதிரி இருக்கு. சரி, அதை விடு. கடைசியில அவ என்ன கேட்டிருக்கா?"

பார்த்தேன். ஜோவின் மின்னஞ்சல் ஓரத்தில் நான்கு குறிப்புகள் இருந்தன. ஒன்று, அவள் வருவதில் மகிழ்ச்சி என்று சொல். இரண்டு, எந்த விளையாட்டு பிடிக்கும் என்று சொல். மூன்று, சனிக்கிழமை ஏன் முடியாது என்று விளக்கு. நான்கு, அவள் என்ன எடுத்து வர வேண்டும் என்று யோசனை கொடு. முதல் மூன்றுக்கும் விளக்கமாக எழுதியிருந்தேன். நான்காவதைத் தொடவே இல்லை. ஜோ பையைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன எடுப்பது என்று தெரியாமல் நின்றிருப்பாள்.

20க்கு 12 போட்டார். மொழிக்கு 4, அமைப்புக்கு 3, உள்ளடக்கத்துக்கு 3, படிப்பவரிடம் சொல்ல வேண்டிய விதத்தில் சொன்னதற்கு 2. இந்த நான்கு தலைப்பிலும் தலா 5 மதிப்பெண் என்பதும், இலக்கணம் அதில் கால் பங்குதான் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பள்ளி நாளிலிருந்து இங்கிலீஷ் பரீட்சை என்றாலே இலக்கணம் என்று நினைத்து வளர்ந்த எனக்கு அது சின்ன அதிர்ச்சி. தெரியாத இங்கிலீஷால் நான் இழந்தது கொஞ்சம்தான். தெரிந்த இங்கிலீஷைக் காட்டப் போய் இழந்ததுதான் அதிகம்.

நான் எழுதியது கேம்பிரிட்ஜின் பி1 பிரிலிமினரி. பழைய ஆட்கள் 'பெட்' என்பார்கள். ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்தில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். அதில் மூன்றாவது படி இது. அன்றாட விஷயத்தைச் சமாளிக்கிற, தெரிந்த தலைப்பில் நாலு வார்த்தை கோவையாகப் பேசுகிற நிலை. என் வயது 36. தமிழ் வழியில் படித்தவள். வேலையில் இங்கிலீஷ் மின்னஞ்சல்களைப் படிப்பேன், வெட்டி ஒட்டிப் பதிலும் அனுப்பிவிடுவேன். யாராவது நேரில் பேசினால் மட்டும் திடீரென்று போனில் முக்கியமான வேலை வந்துவிடும்.

"எடுத்ததும் பி2 போயேன், இல்லாட்டி ஐ.இ.எல்.டி.எஸ். எழுது" என்று, வெளிநாடு போகிறவர்கள் எழுதும் இன்னொரு இங்கிலீஷ் தேர்வைச் சொன்னவர்கள் நிறைய. அவசரமாக எங்கோ சேர வேண்டும், அவர்கள் கேட்பது அந்தத் தேர்வைத்தான் என்றால் அது நியாயம். பணம் கட்டுவதற்கு முன் விண்ணப்பிக்கிற இடத்தில் எந்தத் தேர்வு, எந்த மதிப்பெண் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதில் ஊகத்துக்கு இடம் வேண்டாம். எனக்கு அப்படி எந்த நெருக்கடியும் இல்லை. நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தால் போதும். ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணை இரண்டு வருஷத்துக்கு மேல் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். கேம்பிரிட்ஜ் சான்றிதழில் காலாவதித் தேதி கிடையாது. 'ஃபார் ஸ்கூல்ஸ்' என்று இதிலேயே இன்னொரு வகை உண்டு. நிலையும் அமைப்பும் ஒன்றுதான், தலைப்புகள் மட்டும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி இருக்கும். விண்ணப்பத்தில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பில் முதல் மூன்று வாரம் எனக்கு வீணாகப் போனது. தெரிந்தவர் ஒருவர் அன்போடு கொடுத்த பயிற்சிப் புத்தகம். அதில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து ஒரே தாள், ஒன்றரை மணி நேரம். எழுத்துப் பகுதியின் ஆரம்பத்தில், கொடுத்த வாக்கியத்தைப் பொருள் மாறாமல் வேறு மாதிரி எழுதும் பயிற்சி. அதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்று, ஒப்பீட்டைத் திருப்பிப் போடு என்று பள்ளி நினைவோடு ஒரு நோட்டு முழுக்கப் போட்டுத் தள்ளினேன். டீச்சர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இது இப்ப இல்லையேம்மா" என்றார். 2020 ஜனவரியிலிருந்து அமைப்பு மாறிவிட்டது. வாசிப்பு தனித் தாள், எழுத்து தனித் தாள், வாக்கிய மாற்றம் கிடையாது. புத்தகம் வாங்கும்போது அட்டையில் 2020க்கான புதிய அமைப்பு என்று இருக்கிறதா பாருங்கள். இரவல் வாங்கினால் இரண்டு முறை பாருங்கள்.

இப்போதைய அமைப்பில் வாசிப்பு 45 நிமிஷம், 32 கேள்வி. எழுத்து 45 நிமிஷம், இரண்டு பதில். கேட்டல் சுமார் அரை மணி, 25 கேள்வி. பேச்சு இரண்டு பேருக்குச் சேர்த்து 12 நிமிஷம். நான்குக்கும் சமமாக 25 சதவீதம். பேச்சுக்கு வெறும் 12 நிமிஷம்தானே என்று அலட்சியமாக விட்டால் கால் பங்கு போய்விடும்.

மறுபடி எழுத்துக்கே வருகிறேன், என் கதை அங்கேதான் மாறியது.

டீச்சர் எனக்கு ஒரு பழக்கம் ஏற்படுத்தினார். கேள்வியைப் படித்ததும் பதிலை ஆரம்பிக்கக் கூடாது. நான்கு குறிப்புக்கும் பக்கத்தில் தமிழில் இரண்டு இரண்டு வார்த்தை எழுத வேண்டும். 'சந்தோஷம் — எப்ப வர்ற', 'பாட்மிண்டன் — சின்ன வயசிலேர்ந்து', 'சனி — அக்கா கல்யாண வேலை', 'ஷூ, தொப்பி'. ஐந்து நிமிஷம் இதற்கே போகும். பிறகு குறிப்புக்கு 25 வார்த்தை வீதம் எழுதினால் 100 தானாக வந்துவிடும். எழுதி முடித்ததும் நான்கு குறிப்பிலும் டிக் போட வேண்டும். டிக் போட முடியாத குறிப்பு இருந்தால், எவ்வளவு அழகான வாக்கியத்தை வேண்டுமானாலும் வெட்டிவிட்டு அதற்கு இடம் பண்ண வேண்டும். அந்த அழகான வாக்கியத்தை வெட்டும்போது மனசு வலிக்கும். வெட்டத்தான் வேண்டும்.

தோழிக்கு எழுதுகிற தொனி வரவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. 'எஸ்டீம்ட்' போய் 'கிரேட் டு ஹியர் ஃப்ரம் யூ' வந்தது. 'கைண்ட்லி டு த நீட்ஃபுல்' என் விரல் நுனியிலேயே உட்கார்ந்திருந்தது, அதைத் துரத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அலுவலக இங்கிலீஷ் பழகிய கை எல்லோருக்கும் அலுவலகக் கடிதமே எழுதுகிறது.

இரண்டாவது பதிலுக்கு, கட்டுரை அல்லது கதை என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கதைக்கு முதல் வாக்கியம் தந்துவிடுவார்கள். சிலர் எந்த வாக்கியம் வந்தாலும் ஒட்ட வைக்கலாம் என்று ஒரு கதையை மனப்பாடம் பண்ணி வருகிறார்கள். முதல் வாக்கியத்தில் 'அந்தக் கதவைத் திறந்தபோது' என்று இருக்கும், இரண்டாவது வாக்கியத்தில் கடற்கரையில் புயல் வீசிக்கொண்டிருக்கும். ஆயிரக்கணக்கில் தாள் திருத்துகிறவருக்கு அது தெரியாதா? எனக்குக் கதை எழுதினால் கடந்த காலத்தில் தொடங்கி மூன்றாவது வரியில் நிகழ்காலத்துக்கு வழுக்கிவிடும். அதனால் கட்டுரையே எடுத்தேன். கட்டுரைக்காகத் தரும் அறிவிப்பிலேயே சில கேள்விகளைக் கேட்டிருப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னால் கட்டுரை உருவாகிவிடும். கதை சொல்லுவது கை வந்தவர்கள் தயங்காமல் கதைக்குப் போகலாம்.

கடைசி மூன்று நிமிஷம் பிழை பார்க்க. பொதுவாகப் பார்த்தால் ஒன்றும் கண்ணில் படாது. என் பிழைகள் எவை என்று ஒரு சின்னப் பட்டியல் வைத்திருந்தேன், அதை மட்டும் தேடினேன். 'டிஸ்கஸ் அபௌட்' எழுதினேனா, 'அபௌட்' வேண்டாம். 'ரிட்டர்ன் பேக்' எழுதினேனா, 'பேக்' வேண்டாம். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' எழுதினேனா, 'ஐ ஹேவ்' போதும். 'ஐ கேம் யெஸ்டர்டே ஒன்லி' எழுதினேனா? நேற்றுத்தான் வந்தேன் என்பதில் இருக்கிற நம்முடைய 'தான்', அங்கே போய் 'ஒன்லி' என்று உட்கார்ந்துகொள்கிறது. 'ஷி', 'ஹி' வந்த இடத்தில் வினைச்சொல்லுக்கு எஸ் போட்டேனா? இந்தத் தேடலில் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று பிழையாவது சிக்கியது.

இந்தப் பட்டியலைத் தயாரிக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. என் பிழைகளில் பாதிக்கு மேல் தமிழிலிருந்து நேராக இறங்கி வந்தவை. நம் 'இல்' உருபு ஒன்றே மேஜையில், வீட்டில், திங்கட்கிழமையில், 5 மணியளவில் என்று எல்லா இடத்துக்கும் போய்வருகிறது. அங்கே 'இன்', 'ஆன்', 'அட்' என்று மூன்று பேர் வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். 'ஒரு' நமக்கு உண்டு, அதனால் 'எ', 'அன்' கொஞ்சம் புரியும். 'த' மட்டும் பிடிபடவே இல்லை. 'அந்த' என்று பொருத்திப் பார்த்தால் பாதி இடத்தில் சரியாக வரும், மீதிப் பாதியில் காலை வாரிவிடும். 'சூரியன்' என்றால் நமக்குச் சூரியன்தான், 'அந்தச் சூரியன்' என்று யாரும் சொல்வதில்லை. இங்கிலீஷில் 'த' இல்லாமல் சூரியன் உதிக்காது.

காலங்களில் ஒரு பக்கம் தமிழே உதவி செய்தது. 'அந்த ஊரைப் பார்த்திருக்கிறேன்' என்று நாம் சொல்கிற இடத்தில் பெரும்பாலும் 'ஹேவ் சீன்' பொருந்துகிறது. 'நேற்று பார்த்திருக்கிறேன்' என்று சொன்னால் நம் காதுக்கே உறுத்தும், இங்கிலீஷிலும் நேற்று என்று வந்துவிட்டால் 'ஹேவ்' வராது. ஆனால் 'அஞ்சு வருஷமா இங்க வேலை செய்றேன்' என்பதில் தமிழ் நிகழ்காலம், அங்கே 'ஹேவ் பீன் வொர்க்கிங்'. நான் இத்தனை வருஷமாக 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். ஐந்து வருஷம் என்று கால அளவு வந்தால் 'ஃபார்', 2019 என்று தொடங்கிய புள்ளி வந்தால் 'சின்ஸ்'. இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நிலைக்கண்ணாடியில் ஒட்டினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வாசிப்புத் தாளின் கடைசிப் பகுதி இதைத்தான் குறிவைக்கிறது. சின்னப் பத்தியில் ஆறு காலியிடம், ஒவ்வொன்றிலும் ஒரே வார்த்தை, தேர்ந்தெடுக்க விடைகள் எதுவும் தர மாட்டார்கள். பெரிய வார்த்தை எதுவும் வராது. 'த', 'ஆஃப்', 'ஹூ', 'பீன்', 'தேன்' மாதிரி பொடிசுகள்தான். நாம் படிக்கும்போது கண் தாண்டிப் போகிற வார்த்தைகள் அவை. ஒரு செய்தித் துணுக்கை எடுத்து, அதிலுள்ள பொடி வார்த்தைகளை எல்லாம் மார்க்கரால் மறைத்து வைத்துவிட்டு, மறுநாள் நிரப்பிப் பார்ப்பது நானே கண்டுபிடித்த பயிற்சி. காசு செலவில்லாதது, வேறு எதைவிடவும் அதிகம் பலன் தந்தது.

இரண்டாவது பகுதி வேறு வகை. ஐந்து மனிதர்கள், எட்டு விளம்பரங்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று நிபந்தனை இருக்கும். இவருக்கு ஏற்ற வகுப்பு எது, இவருக்கு ஏற்ற சுற்றுலா எது என்று பொருத்த வேண்டும். எனக்கு ஆரம்பத்தில் ஐந்தில் இரண்டுதான் தேறும். காரணம், ஒரே வார்த்தை இரண்டு பக்கமும் இருந்தால் உடனே முடிச்சுப் போட்டுவிடுவேன். மனிதர் 'நதி' என்று கேட்டிருப்பார், விளம்பரத்தில் 'நதி' இருக்கும். ஆனால் அதே விளம்பரம் ஞாயிறு விடுமுறை என்றும் சொல்லும், அவருக்கோ ஞாயிறுதான் வேண்டும். ஒரே வார்த்தை தென்பட்டால் சந்தேகப்பட வேண்டும் என்பது பழகப் பழகத்தான் வந்தது. சரியான விடையில் பெரும்பாலும் வேறு வார்த்தையில் அதே பொருள் இருக்கும். மூன்று நிபந்தனையையும் பென்சிலால் அடிக்கோடிட்டு, மூன்றும் பொருந்தினால்தான் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். நேரம் கொஞ்சம் கூடும். அதை முதல் பகுதியில் மிச்சம் பிடித்துக்கொள்ளலாம், அங்கே ஐந்து சின்ன அறிவிப்புகள்தான்.

நேரம் என்றதும் இன்னொன்று. காகிதத் தேர்வில், வாசிப்பு விடைகளை விடைத்தாளில் ஏற்றுவதற்குத் தனியாக நேரம் கிடையாது, அந்த 45 நிமிஷத்துக்குள்ளேயே முடிக்க வேண்டும். கேட்டல் தேர்வில் மட்டும் முடிவில் 6 நிமிஷம் தருவார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு மாதிரித் தேர்வில் கேள்வித்தாளிலேயே எல்லா விடையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீச்சர் தாளை உருவிக்கொண்டு போனார். 32க்கு பூஜ்யம். "நெஜப் பரீட்சையிலயும் இப்படித்தான் போகும்" என்றார். அதற்கப்புறம் அந்தத் தப்பைப் பண்ணவில்லை.

கேட்டலில் எல்லாவற்றையும் இரண்டு தடவை போடுவார்கள், அது ஒரு ஆறுதல். முதல் பகுதியில் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று படம். பேச்சில் மூன்று பொருளும் அடிபடும், அதுதான் வலை. "குடை எடுத்தியா?" "எடுக்கத்தான் போனேன், அப்புறம் வெயில் வந்துடுச்சேன்னு தொப்பியை எடுத்தேன்" என்பது மாதிரி. முதலில் காதில் விழுந்ததைக் குறித்துவிட்டு அதற்கப்புறம் கேட்காமல் இருந்தால் தோற்றோம். 'பட்', 'இன் த எண்ட்', 'ஆக்சுவலி' வருகிற இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது பகுதியில் ஒருவர் தனியாகப் பேசுவார், குறிப்பேட்டில் ஆறு இடம் நிரப்ப வேண்டும். எண், தேதி, சில நேரம் எழுத்து எழுத்தாகச் சொல்லும் பெயர். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' குழப்பம் எல்லோருக்கும் உண்டு. அழுத்தம் கடைசியில் விழுந்தால் 13, முதலில் விழுந்தால் 30. எனக்கு எமனாக வந்தது 'ஜி'யும் 'ஜே'யும். ஜி என்று சொன்னால் என் கை ஜே என்று எழுதும். ஏ, இ, ஐ மூன்றும் அதே மாதிரி சுற்றலில் விடும். இங்கிலீஷ் ஏ, தமிழ் 'எ' என்று மனசுக்குள் ஒலிக்கும், இங்கிலீஷ் இ, தமிழ் 'ஈ' என்று ஒலிக்கும், நடுவில் ஐ வந்து குட்டையைக் குழப்பும். வீட்டில் பையனை உட்கார வைத்து, பாடப் புத்தகத்திலிருந்து பெயர்களை எழுத்து எழுத்தாக வேகமாகச் சொல்லச் சொல்லி எழுதினேன். "அம்மா, நீ யூ.கே.ஜி.யா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

பேச்சுத் தேர்வுதான் என் பயம் முழுக்க. அறைக்குள் இரண்டு தேர்வாளர்கள் இருப்பார்கள். ஒருவர் பேசுவார், மற்றவர் ஓரமாக உட்கார்ந்து மதிப்பெண் மட்டும் போடுவார். நாமும் தனியாகப் போக முடியாது, ஜோடியாகத்தான். கடைசியில் ஒற்றைப்படையாக ஆள் மிஞ்சினால் மூன்று பேராக விடுவார்கள், அப்போது 17 நிமிஷம்.

தயாரிப்பில் பெரிய திருப்பம் போனில் என் குரலைப் பதிவுபண்ணிக் கேட்டதுதான். இரண்டாவது பகுதியில் ஒரு படத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் பேச வேண்டும். முதல் பதிவில் 22 நொடியில் என் சரக்கு தீர்ந்துவிட்டது. மீதி நேரம் மின்விசிறிச் சத்தம். ஐந்தாவது பதிவில் ஒரு நிமிஷம் தொட்டேன், ஆனால் 'ஆக்சுவலி' 11 தடவை. அதற்கப்புறம் ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். எந்த இடம், யார், என்ன செய்கிறார்கள், என்ன உடுத்தியிருக்கிறார்கள், பின்னால் என்ன தெரிகிறது, ஏன் அப்படி இருக்கலாம். கடைசியில் சொன்ன ஊகம்தான் நிமிஷத்தை நிரப்பும். 'தே லுக் டயர்ட், மேபி தே ஹேவ் பீன் வாக்கிங் ஃபார் ஹவர்ஸ்' என்று ஊகித்தால் நேரமும் ஓடும், கொஞ்சம் கனமான இலக்கணமும் தானாக உள்ளே வரும்.

முதல் பகுதி பேர், இடம், வேலை, பொழுதுபோக்கு. இதில் 'மைசெல்ஃப்' என்று ஆரம்பிக்காதீர்கள். 'மை நேம் இஸ்' அல்லது 'ஐ ஆம்', அவ்வளவுதான். மனப்பாடம் செய்த சுயபுராணமும் வேண்டாம், குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் மொத்தமும் சரிந்துவிடும். கேட்டது புரியாவிட்டால் 'சாரி, குட் யூ ரிபீட் தட்?' என்று கேட்கலாம், அதற்காக மதிப்பெண் குறையாது. இதை நம்பாமல், புரியாத கேள்விக்கு எல்லாம் 'எஸ்' சொல்லிக்கொண்டிருந்த ஆள் நான்.

மூன்றாவது பகுதிதான் ஜோடியாகப் பேசுவது. ஒரு சூழ்நிலையும் சில படங்களும் தருவார்கள், இரண்டு பேரும் கலந்து பேசி எது நல்லது என்று முடிவு செய்ய வேண்டும். பயிற்சியில் டீச்சர் எனக்கு ஜோடியாக உட்கார்ந்தார். ஒரு வகுப்பை ஒருநாள் சுற்றுலா எங்கே கூட்டிப்போவது என்பது சூழ்நிலை. நான் படங்களைப் பார்த்துவிட்டு, "மியூசியம் இஸ் த பெஸ்ட், பிகாஸ் எஜுகேஷனல்" என்று சொல்லி நிறுத்தினேன். 10 நொடி. டீச்சர் என்னையே பார்த்தார்.

"முடிவு சரியா தப்பான்னு யாரு கேட்டா? என்னை எதாவது கேளேன். நானும் இங்கதானே உக்காந்திருக்கேன்."

இங்கேயும் ஜோவுக்கு நடந்ததுதான். எதிரில் ஆள் இருப்பதையே மறந்துவிட்டு என் திறமையைக் காட்டுவதில் இருந்தேன். பேச்சுக்கு மதிப்பெண் போடும்போது இலக்கணமும் சொல்வளமும் ஒன்று, தொடர்ந்து கோவையாகப் பேசுவது ஒன்று, உச்சரிப்பு ஒன்று, அடுத்தவரோடு ஊடாடுவது ஒன்று. பேசுகிற தேர்வாளர் இவை போக மொத்தமாகவும் ஒரு மதிப்பெண் போடுவார். முடிவுக்கு வர வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. 'வாட் டு யூ திங்க் அபௌட் திஸ் ஒன்?', 'ஐ சீ வாட் யூ மீன், பட்', 'ஷால் வீ மூவ் ஆன்?' என்று நாலைந்து வாக்கியங்கள் நாக்கில் இருந்தால் போதும், பேச்சு நகரும்.

தேர்வு நாளில் எனக்கு ஜோடியாக வந்தது ஒரு சின்னப் பெண். 16, 17 இருக்கும். வெளியே காத்திருக்கும்போது கை நடுங்கிக்கொண்டிருந்தது, அவளுக்கும் எனக்கும். "ஆன்ட்டி, நான் நின்னுட்டா எதாவது கேளுங்க" என்றாள். நீயும் கேளும்மா என்றேன். அந்த வயதில் ஒருத்தியோடு போட்டி போடுகிறோமே என்று கூச்சமாக இருந்தது. உண்மையில் அது போட்டியே இல்லை. அவள் நன்றாகப் பேசினால் என் மதிப்பெண் குறையாது. அவள் வாயைத் திறந்தால்தான் எனக்கு ஊடாட்டமே கிடைக்கும்.

என் படத்தில் ஒரு ஏரி, ஒரு படகு, அதில் இரண்டு பேர். சுலபம் என்று நினைத்தேன். அந்த ஆள் கையில் துடுப்பு. துடுப்புக்கு இங்கிலீஷில் என்ன? வரவில்லை. பழைய நானாக இருந்தால் அங்கேயே உறைந்திருப்பேன். "த மேன் இஸ் ஹோல்டிங் எ லாங் உட்டன் திங், தே யூஸ் இட் டு மூவ் த போட்" என்று சொல்லிக் கடந்துவிட்டேன். ஓரமாக இருந்த தேர்வாளர் ஏதோ எழுதினார். நல்லதா கெட்டதா தெரியாது. சொல் தெரியாத இடத்தில் சுற்றி வளைத்துச் சொல்வதும் ஒரு திறமை என்று டீச்சர் சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பார்த்தேன், 'ஓர்', 'பேடில்'. இனி சாகும்வரை மறக்காது.

ஜோடிப் பேச்சில் எங்களுக்கு வந்தது பிறந்தநாளை எப்படிக் கொண்டாடலாம் என்பது. அந்தப் பெண் இரண்டு வார்த்தையில் பேச்சை முடித்துவிட்டுக் குனிந்துகொண்டாள். மிருகக்காட்சிசாலைப் படத்தைக் காட்டி, இது எப்படி என்று கேட்டேன். சட்டென்று நிமிர்ந்து, "நோ நோ, தி எலிஃபன்ட்ஸ் ஆர் வெரி ஸ்மெல்லி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும். அதற்கப்புறம் தேர்வாளர் 'தேங்க் யூ' என்று நிறுத்தும்வரை நாங்கள் நிறுத்தவே இல்லை.

எழுத்துத் தேர்வு நாளில் அடையாள அட்டை, பென்சில், அழிப்பான், பேனா எல்லாம் முந்தின இரவே எடுத்து வைத்துவிட்டேன். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். எழுத்தில் வந்த மின்னஞ்சலுக்கு நான்கு டிக்கும் விழுந்தது. கேட்டலில் ஒரு பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார்கள். முதல் தடவை ஜே என்று எழுதினேன், இரண்டாவது தடவை அடித்துவிட்டு ஜி என்று எழுதினேன், விடைத்தாளில் ஏற்றும்போது மறுபடி ஜே என்று மாற்றினேன். அந்த 6 நிமிஷத்தில் இன்னொரு கோளாறும் நடந்தது. ஒரு விடையை வரி தாண்டி நிரப்பிவிட்டு, மூன்று கேள்வி கழித்துக் கண்டுபிடித்து, அழித்து அழித்துத் தாளே கறுத்துவிட்டது. ஏற்றும்போது ஐந்து கேள்விக்கு ஒருமுறை எண்ணைச் சரிபாருங்கள்.

முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் டீச்சர் ஒரு பழைய கதை சொன்னார். கேம்பிரிட்ஜ் முதன்முதலில் இங்கிலீஷ் தேர்வு நடத்தியது 1913இல். எழுதியது மூன்றே பேர், மொத்தம் 12 மணி நேரம். மூன்று பேரும் ஃபெயில். "உனக்கு ரெண்டேகால் மணி நேரம், அதுக்கே இவ்வளவு புலம்பல்" என்றார்.

முடிவு வந்தது. 140 எடுத்தால் பாஸ், 153இலிருந்து பி கிரேடு, 160இலிருந்து ஏ கிரேடு, ஏ வாங்கினால் பி2 நிலை என்றே சான்றிதழில் போட்டுத் தருவார்கள். நான்கு தாளின் சராசரிதான் மொத்தம். எனக்கு வாசிப்பு 151, எழுத்து 163, கேட்டல் 147, பேச்சு 162. மொத்தம் 156, பி கிரேடு.

பயந்து நடுங்கிய பேச்சும், 12 வாங்கிய எழுத்தும்தான் மேலே நிற்கின்றன. படிப்பேன், புரியும் என்று தெனாவெட்டாக இருந்த இரண்டும் கீழே. டீச்சரிடம் போனில் சொன்னேன். கேட்டல் எவ்வளவு என்று மட்டும் மறுபடி கேட்டார். 147 என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஜியா, ஜேயா?" என்றார்.